அத்தான் பார்க்காத கசற்

டோர்ட்மண்ட்
8 ஒக்டோபர் 2023

அன்புத் தம்பி சுலக்ஷனுக்கு அக்கா கிருசாந்தி எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம். அத்தானுக்கு மட்டும் குளிர் தொடங்கினதும் முழங்கால் குடைகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் பாணும் சீஸும்தானா?

போனில் கேட்டால் "சும்மா இருக்கிறம்" என்பதைத் தவிர என் வாயிலிருந்து ஒன்றும் வராது, அதனால் கையால் எழுது என்றாய். சரி, எழுதுகிறேன். முத்திரை வாங்கப் போன இடத்தில் கடைக்காரி என்னை அருங்காட்சியகத்தில் இருந்து வந்தவள் மாதிரிப் பார்த்தாள்.

அத்தான் பெட்டி தூக்கிய களஞ்சியத்தைக் கோடையோடு மூடிவிட்டார்கள், உனக்குத் தெரியும். இப்போது விடியப் பேப்பர் போடுகிறார். மற்ற நேரம் வேலை தேடித் தருகிற கந்தோர், ஜொப்சென்ரர்தான். அவர்கள் நேரம் குறித்துக் கூப்பிடுகிற ஒவ்வொரு டேர்மினுக்கும் கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போகிறார். அங்கே இருக்கிற பெண் "உங்களைப் பார்த்தால் வேலை இல்லாதவர் மாதிரித் தெரியவில்லை" என்றாளாம். அதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்கிறார். நான் குசினிக்குள் போய்ச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

உன் படத்தில் வேலை போன மனிதராக அவர் நடிப்பாரா என்று கேட்டிருந்தாய். கேட்டேன். "நடிக்கிறதுக்கு என்ன கிடக்கு? நான் இப்ப அதைத்தானே செய்துகொண்டு திரியிறன்" என்றார். பிறகு, "தம்பி கேட்டு நான் ஏலாது எண்டு சொல்லுவனே" என்றார். உன்னுடைய முதல் கமராவை வாங்கித் தந்தது அவர்தான் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும்.

இத்தாலிக்காரர் எடுத்த மாதிரிப் படம் என்கிறாய். எங்கள் வீட்டுக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் பீற்சாதான் தெரியும். விளங்கும்படி எழுது.

உடம்பைக் கவனி. சுவெற்றர் போடு.
அக்கா

*

கார்ஹிங்
22 ஒக்டோபர் 2023

அன்பு அக்காவுக்கு, உங்கள் கடிதத்தை ரயிலுக்குள்ளேயே நின்றபடி வாசித்து, இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். நான் நல்ல சுகம். அத்தானின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன்.

இத்தாலி என்னவென்றால், அக்கா, இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம் ரோமில் இருந்த பெரிய ஸ்டுடியோ அகதி முகாமாகிக் கிடந்தது. காசில்லை, பிலிம் சுருள்கூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அங்கிருந்த இயக்குநர்கள் கமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். வடிவான நடிகர்களை விட்டுவிட்டு மீனவரையும் ஆலைத் தொழிலாளியையும் தெருப்பிள்ளைகளையும் பிடித்து நடிக்க வைத்தார்கள். அதற்கு முன் படங்களில் ஏழை என்றால் சிரிக்க வைக்க வருவான், இல்லாவிட்டால் பணக்காரக் கதாநாயகன் இரக்கப்பட வருவான். இவர்கள்தான் வேலை தேடி அலைகிற ஒருவனின் ஒரு நாள் ஒரு முழுப் படத்துக்குக் காணும் என்று காட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் வங்காளத்தில், பிரேசிலில், ஆபிரிக்காவில் எல்லாம் புதிய ஆட்கள் தங்கள் தெருக்களில் இறங்கிப் படமெடுக்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் செய்த பெரிய வேலை, அவசரப்படாமல் பார்த்ததுதான். ஒரு மனிதர் கதிரையில் இருந்தால் அவர் எழும்பும்வரை கமரா காத்திருக்கும். நானும் அப்படித்தான் அத்தானைப் பார்க்கப்போகிறேன். அதனால் வீட்டில் ஒன்றையும் மாற்றவேண்டாம். இருக்கிறபடியே இருக்கட்டும்.

ஒரு உதவி. அவர் ஜொப்சென்ரரால் வந்து, தன்னுடைய கலியாண வீடியோவைப் போட்டுப் பார்ப்பதுபோல ஒரு காட்சி வைத்திருக்கிறேன். உங்கள் கலியாணக் கசற்றை அனுப்பமுடியுமா? கசற் போடுகிற அந்தப் பழைய வீடியோ டெக்கும் உங்கள் நிலவறையில் கிடக்கும், படம் எடுக்கிற நாளுக்கு அதை மேலே எடுத்து வையுங்கள்.

அத்தானுக்கும் மகளுக்கும் என் அன்பு.
தம்பி சுலக்ஷன்

*

டோர்ட்மண்ட்
9 நவம்பர் 2023

அன்புத் தம்பிக்கு, சுகம், சுகமறிய ஆசை. தைலம் வந்தது. மணம் நாலு வீட்டுக்குத் தெரிகிறது.

ஸ்டுடியோ அகதி முகாமானது என்று எழுதியிருந்தாய். நாங்கள் இருந்த அகதி முகாம் ஒருநாளும் ஸ்டுடியோவாகவில்லை. கமராவோடு யாரும் வந்திருந்தால் அம்மா தும்புத்தடியால் துரத்தியிருப்பா. இன்னொன்று, ஏழை என்கிற சொல்லை அத்தானுக்கு முன்னால் எடுத்துவிடாதே. வேலை இல்லாதவர் என்று சொல், அது உண்மை.

மாற்றவேண்டாம் என்று நீ எழுதியது பிந்தி வந்தது. அத்தான் ஹோலுக்குப் பெயின்ற் அடித்து முடித்துவிட்டார். மேல்மாடி அன்ரனிற்றா அக்கா தன்னுடைய தோல் சோபாவைத் தாறன் என்றிருக்கிறா. "படத்திலை வாறம் எண்டால் வீடு வீடாய் இருக்கவேணும்" என்கிறா. ஆட்கள் வருகிறார்கள் என்றால் இருக்கிறதில் நல்லதை முன்னுக்கு வைக்கத்தானே நாங்கள் பழகியிருக்கிறோம். கமராவும் ஒரு விருந்தாளிதான்.

கசற்றுகளை ஒரு பையில் போட்டு, உன் பக்கம், மியூனிக் வருகிற பொடியனிடம் கொடுத்துவிட்டேன். கலியாண வீடியோவில் நீ பத்து வயதுப் பொடியனாக இரண்டு கை நிறையக் கேக் வைத்திருக்கிறாய்.

பையில் பச்சை மட்டைக்குள் இன்னொரு கசற் இருக்கிறது. அது மாமியின், அத்தானின் அம்மாவின், செத்தவீடு. மாமி ஊரில் மோசம்போன நேரம் அத்தானின் அகதி வழக்கு முடியவில்லை. போனால் திரும்பி வர ஏலாது. மூத்த பிள்ளை, ஒரே மகன், கொள்ளி வைக்கவேண்டிய ஆள் இங்கே கோப்பை கழுவிக்கொண்டு நின்றார். எல்லாருக்கும் செய்கிறதுபோல ஊரில் வீடியோ எடுத்து அனுப்பினார்கள். அதை அவர் இன்றுவரை போட்டுப் பார்க்கவில்லை. வீடு மாறுகிற ஒவ்வொரு முறையும் தன் கையால் காவிக்கொண்டு வந்து சேர்ட்டுகளுக்குக் கீழே வைப்பார். ஊருக்குப் போய்த் தங்கச்சி வதனிக்குப் பக்கத்தில் இருந்துதான் பார்க்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வதனியும் மாப்பிள்ளையும் வன்னியில் கடைசிச் சண்டையோடு போனார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதையே இல்லை. கொள்ளி வைத்தது வதனியின் மாப்பிள்ளை என்கிறார்கள், பெரியப்பாவின் மகன் என்றும் சொல்கிறார்கள். அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை.

போன கிழமை அலுமாரி துடைக்கும்போது பார்த்தேன், நாடாவில் பூஞ்சணம். வதனி நடமாடுகிறது இனி அந்தக் கசற்றில் மட்டும்தான். அதை வேறு எதிலாவது ஏற்றிக் காப்பாற்றித் தா. அத்தானுக்குச் சொல்லாமல் எடுத்துத் தந்திருக்கிறேன். ஏற்றியதும் சத்தமில்லாமல் பழைய இடத்தில் வைத்துவிடுவேன். அவருக்குக் காட்டிவிடாதே.

கவனம் தம்பி.
அக்கா

*

கார்ஹிங்
27 நவம்பர் 2023

அன்பு அக்காவுக்கு, நலம். பை பத்திரமாக வந்தது.

பச்சை மட்டைக் கசற்றை எங்கள் திரைப்படப் பாடசாலையில் இருக்கும் டெக்கில் முழுக்க ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பூஞ்சணம் இருந்தாலும் படம் தெரிகிறது. ஏற்றித் தருகிற கடையில் தை மாதம்தான் முறை கிடைக்கும் என்றார்கள். அதுவரை என்னிடம் இருக்கட்டும்.

டிசெம்பர் இரண்டாம் கிழமை கமராக்காரனோடு வருகிறேன். சோபாவைத் தயவுசெய்து மேலே அனுப்பிவிடுங்கள். அத்தான் தன் பாட்டில் இருக்கவேண்டும், நடிக்கவே கூடாது. அதுதான் எனக்கு இப்போது பயம். அவர் கமராவைக் கண்டால் சிரிப்பார். எங்கள் வகுப்பில் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கால இயக்குநர் ஒருவர், சின்னப் பையன் ஒருவனை அழவைக்க ஏலாமல், அவனைத் திருடன் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாராம். பையன் உண்மையாகவே அழுதான். அந்த அழுகையைத்தான் இன்றைக்கும் உலகம் பார்க்கிறது.

மரவள்ளிக்கிழங்குக் கறி வைப்பீர்கள்தானே?
அன்புடன் தம்பி

*

டோர்ட்மண்ட்
19 டிசெம்பர் 2023

சுலக்ஷனுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

நீ கமராவுக்குப் பின்னால் நின்றாய். நான் குசினி வாசலில் நின்று பார்த்ததை எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய்.

சோபாவை நீ திருப்பி அனுப்பினது எனக்குப் பிரச்சினையில்லை. அன்ரனிற்றா அக்கா இன்னும் முகம் கொடுக்கிறாவில்லை, அதுவும் போகட்டும். அத்தானின் நல்ல சேர்ட்டைக் கழற்றி வீட்டுச் சேர்ட்டைப் போடச் சொன்னாய். போட்டார். தலையை மட்டும் சீப்பால் இழுத்துக்கொண்டார், "கலியாண வீடியோ பாக்கிறன், தலை இழுக்காமல் எப்பிடி" என்று பகிடி விட்டார். நீயும் சிரித்தாய்.

டெக் ஓடத் தொடங்கியதும் கலியாண மண்டபம் வரவில்லை. வெள்ளை கட்டின பந்தல் வந்தது. பறைச் சத்தம் வந்தது. அத்தான் நீ கசற்றை மாற்றிப் போட்டுவிட்டாய் என்றுதான் முதலில் நினைத்தார். பாதிச் சிரிப்போடு உன் பக்கம் திரும்பினார். பிறகு ஒரு பெண்ணின் குரல், "அண்ணை வரேல்லையே அம்மா, அண்ணை வரேல்லையே" என்று. வதனி. எனக்கு அந்தக் குரல் தெரியாது, ஆனால் அவருடைய கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முழங்காலில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நான் அகப்பையோடு ஓடி வந்தேன். உன் கமராக்காரன் வாயில் விரலை வைத்து எனக்கு "உஸ்" என்றான். என்னுடைய வீட்டில்.

அவர் எழும்பி, செருப்போடு, ஜக்கெற் இல்லாமல் வெளியே போனார். நீங்கள் சாமான் கட்டிக்கொண்டு போன பிறகுதான் வந்தார். என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"கசற்றை நீ குடுத்தனியோ?"

"ஓம்" என்றேன். மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூஞ்சணம், காப்பாற்ற, என்று எதைச் சொன்னாலும் அந்த நேரம் அது சாட்டாகத்தான் கேட்டிருக்கும். அன்றிலிருந்து சோறு, மருந்து, மகளின் பள்ளிக்கூடம், இவ்வளவுதான் பேச்சு.

உனக்கு அதைச் சொன்னது நான். அதற்காக என்னை நான் ஏசிக்கொள்கிறேன். ஆனால் காட்டிவிடாதே என்றும் எழுதினேன். திருடன் என்று சொல்லப்பட்ட அந்தப் பையனைப் பற்றி எழுதினாயே, பிறகு யாராவது அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டார்களா?

அந்தக் காட்சியைப் படத்திலிருந்து எடுத்துவிடு. கசற்றைத் திருப்பி அனுப்பு.
கிருசாந்தி

*

கார்ஹிங்
4 பெப்ரவரி 2024

அன்பு அக்காவுக்கு, எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும் என்று நினைத்தபடி எழுதுகிறேன். இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். படத்தொகுப்பில் இரவு பகல் தெரியவில்லை.

நீங்கள் எழுதியதைப் பல தரம் வாசித்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல விடுங்கள். அத்தானின் அந்த முகத்தை எங்கள் பேராசிரியருக்குக் காட்டினேன். அவர் திரும்பவும் ஒருமுறை போடச் சொன்னார். வேலை போன ஒரு மனிதர், நாடு போன ஒரு மனிதர், எல்லாம் அந்த ஒரு முகத்தில் இருக்கிறது என்றார். வசந்த காலத்தில் ஒரு திரைப்பட விழாவுக்குப் படத்தைக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காட்சி இல்லாவிட்டால் படமே இல்லை, அக்கா. அத்தான் வந்து ஒருமுறை திரையில் பார்த்தால் நான் ஏன் செய்தேன் என்று விளங்கிக்கொள்வார்.

மகளின் கணக்குப் பரீட்சை எப்படிப் போனது? அங்கே பனி கொட்டுகிறதா?

அன்புடன் தம்பி

*

டோர்ட்மண்ட்
20 பெப்ரவரி 2024

தம்பிக்கு, சுகம். பனி இல்லை, மழை. கணக்கில் நல்ல புள்ளி.

கசற்றைப் பற்றி ஒரு வரியும் காணவில்லை.

நேற்று அத்தான் தானாக வாய் திறந்தார். தேத்தண்ணியோடு வந்து குசினிக் கதிரையில் இருந்தார். "இவ்வளவு காலமும் பாத்தால் முடிஞ்சுபோம் எண்டு இருந்திட்டன். அண்டைக்கு வதனியின்ர குரல் கேட்டாப் பிறகு மிச்சத்தைப் பாக்காமல் இருக்க ஏலாமல் கிடக்கு. கசற்றைத் தம்பியிட்டைக் கேள். அம்மாவின்ர திவசத்துக்கு முதல் ஒருக்கா முழுக்கப் பாக்கவேணும்" என்றார். நான் ஏன் எடுத்துத் தந்தேன் என்பதையும் அப்போதுதான் சொன்னேன். "சொல்லிப்போட்டு எடுத்திருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திவசம் மே மாத முதற் கிழமை. விழா, பேராசிரியர் எல்லாம் பிறகு. முதலில் கசற்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

*

கார்ஹிங்
29 மார்ச் 2024

அன்பு அக்காவுக்கு,

நலம் விசாரிக்கவே கை கூசுகிறது. உங்கள் போனையும் எடுக்காமல் இருந்தேன். சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கசற் இல்லை.

அன்றைக்கு அத்தான் எழும்பிப் போன பிறகும் கமராக்காரன் வெறும் கதிரையை எடுத்துக்கொண்டிருந்தான். நான் நிறுத்தச் சொல்லவில்லை. வெறும் கதிரை நன்றாக இருந்தது. அந்த நேரம் டெக்குக்குள் நாடா சிக்கியது. பூஞ்சணம் பிடித்த நாடா, பத்து வருடம் ஓடாத டெக். நான் இழுத்தேன். அது துண்டு துண்டாக வந்தது. நீங்கள் குசினிக்குள் அழுதுகொண்டிருந்தீர்கள். நான் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே மூன்று இடத்தில் காட்டினேன். பாடசாலை டெக்கில் போட்ட நேரமே பிரதி எடுத்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை என்று ஒருவர் சொன்னார். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

பெப்ரவரியில் அதை எழுதத்தான் பேனையை எடுத்தேன். பேராசிரியரைப் பற்றி எழுதி முடித்தேன்.

அந்தக் காட்சியைப் படத்திலிருந்து வெட்டி எடுத்துவிட்டேன். விழாக்காரருக்கும் படம் இல்லை என்று சொல்லிவிட்டேன். பேராசிரியர் ஏன் என்று கேட்டார், வீட்டுப் பிரச்சினை என்றேன்.

மிச்சமாக இருப்பது சத்தம் மட்டும். எங்கள் மைக்கில் டெக்கின் சத்தம் பதிவாகியிருக்கிறது, நாடா சிக்கும்வரை. அதை ஒரு சீடியில் பதிந்து இதோடு அனுப்புகிறேன். அத்தானிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று தெரியவில்லை. என்னை ஏசச் சொல்லுங்கள்.

தம்பி

*

டோர்ட்மண்ட்
14 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு, இன்று புதுவருடம். பொங்கினோம். உன் பங்கு யன்னலோரம் ஆறிக் கிடக்கிறது.

உன் கடிதத்தை அத்தானிடமே கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்து வைத்தார். உன்னை ஏசவில்லை. நான்தான் ஏசினேன், அன்ரனிற்றா அக்காவுக்கே கேட்டிருக்கும்.

பிறகு சத்தத்தைப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பறை, ஆட்களின் பேச்சு, வதனியின் குரல், யாரோ "தண்ணி கொண்டாங்கோ" என்றது, எல்லாம் கேட்டார். அந்தத் தண்ணி கேட்டவரை அடையாளம் பிடித்துவிட்டார், சந்தியில் கடை வைத்திருந்த மனுசனாம். கொஞ்சம் சிரித்தார். கதிரை இழுபட்ட சத்தம் வந்ததும், "இது நான்" என்றார். அதோடு கரகரவென்று முடிந்துவிட்டது.

"இதுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எங்கே தெரியும்! அப்போது அவருக்கு ஒன்று பிடிபட்டது. "சுலக்ஷன் முழுக்க ஓட்டிப் பாத்தவன் எல்லே. உனக்கு எழுதியிருந்தவன். அவனை வரச்சொல்லு. ஆர் கொள்ளி வைச்சது, வதனி எங்கை நிண்டவ, என்ன சீலை உடுத்திருந்தவ, அம்மாவின்ர முகம் எப்பிடி இருந்தது, கண்டதைச் சொல்லட்டும். எனக்கு அது காணும்" என்றார்.

தம்பி, அவர் இதைச் சொன்னதிலிருந்து ஆள் மாறிவிட்டார். என்னோடு பழையபடி கதைக்கிறார். திவசத்துக்கு என்ன கறி என்று கேட்கிறார். நீ வந்து எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் மாமிக்குப் படைக்கிறதாம், அதுவரை வாழையிலையைத் தொடமாட்டேன் என்கிறார். அதனால் நீ செய்தது சரியாகிவிடாது. ஆனால் அவருக்குக் கொடுக்க உன்னிடம் இன்னும் ஏதோ இருக்கிறது. உன் கண்ணாவது அதைப் பார்த்திருக்கிறதே என்று நான் சாமிக்கு விளக்கு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை, மே மூன்றாம் திகதி. பிந்தாமல் வா.
அக்கா

*

கார்ஹிங்
25 ஏப்ரல் 2024

அன்பு அக்காவுக்கு, புதுவருட வாழ்த்துக்கள். நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருங்கள்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நான் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு, அந்தக் கசற்றில் கண்டதை ஞாபகப்படுத்தி எழுதப் பார்க்கிறேன். அரைப் பக்கம்கூட வரவில்லை.

நான் அதை முழுக்க ஓட்டினேன், உண்மை. ஆனால் இருந்து பார்க்கவில்லை. எங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது, எந்த இடத்தில் சத்தம் தெளிவாக வருகிறது, எங்கே தொடங்கினால் அத்தானுக்கு உடனே தெரியும் என்று தேடுவதற்காக வேகமாக ஓட்டினேன். பந்தல் ஞாபகம் இருக்கிறது, அதன் வெள்ளைத் துணியில் வெயில் விழுந்தது. ஒரு முற்றம். ஒரு கிணற்றுக் கட்டு. பெண்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் வதனி அக்கா யார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குரல் வருகிற இடத்தில்கூட நான் ஒலியின் அளவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவர் தோளில் குடத்தோடு சுற்றி வந்தார். அவர்தான் கொள்ளி வைத்தவராக இருக்கவேண்டும். உயரமா, கட்டையா, மீசை இருந்ததா, ஒன்றும் தெரியவில்லை. ஓட்டிய வேகத்தில் எல்லாரும் குடுகுடுவென்று ஓடினார்கள், அவரும் குடத்தோடு ஓடினார். எனக்கும் பக்கத்தில் இருந்து பார்த்த கமராக்காரனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தோம், அக்கா. அந்தச் செத்தவீட்டிலிருந்து எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லலாம் என்றும் யோசித்தேன். நீலச் சீலை, அழுது வீங்கின கண், மாப்பிள்ளைதான் கொள்ளி வைத்தார் என்று. கதை கட்டுவது எனக்கு வரும், அத்தானும் நம்புவார். என்னை அவர் எப்போதும் நம்பியிருக்கிறார். அதனால்தான் ஏலாது.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அவருக்கு முன்னால் இருந்து, நான் பார்க்கவில்லை என்று என் வாயால் சொல்கிறேன். நீங்கள் முந்திச் சொல்லிவிடவேண்டாம். ஆனால் மாமிக்கு நேரத்துக்குப் படைத்துவிடச் சொல்லுங்கள். அத்தான் எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் தம்பி
சுலக்ஷன்